பின்கட்டைக்குள் போன நீளம்

துப்பாக்கியைக் குட்டையாக்க வேண்டும் என்றால் எவருக்கும் முதலில் தோன்றுவது குழலை வெட்டுவதுதான். வெட்டினால் வேகம் போய்விடும், சத்தம் கூடிவிடும். நீளத்தைத் தந்து அடக்கத்தை வாங்கிய கணக்கு அது. இதற்கு மாற்றாக இன்னொரு வழி இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் குழலைப் பார்க்கவில்லை. துப்பாக்கியின் மறுமுனையைப் பார்த்தார்கள். தோளில் அணைகிற பின்கட்டை அங்கே சும்மா கிடக்கிறது. தோளுக்கும் விசைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்புவதைத் தவிர அந்த மரத்துண்டுக்கு வேறு வேலை இல்லை. இயந்திரப் பகுதி முழுவதையும் அதற்குள் தள்ளிவிட்டு, கைப்பிடியையும் விசையையும் முன்னால் நகர்த்திவிட்டால் என்ன? குழல் ஓர் அங்குலம்கூடக் குறையாது. துப்பாக்கியோ ஏறக்குறைய ஒரு சாண் குறைந்துவிடும்.

இந்த அமைப்புக்குத்தான் புல்பப் என்று பெயர். இன்று காற்றுத் துப்பாக்கி வாங்கப் போகிறவர்களில் பலர் இரண்டு புல்பப்புகளைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு எதை எடுப்பது என்று தடுமாறுகிறார்கள். ஸ்வீடனின் வைல்ட்கேட்டா, செக் நாட்டின் கிரிக்கெட்டா என்பது அந்தத் தடுமாற்றங்களில் பெயர்பெற்ற ஒன்று. அதற்குப் பதில் சொல்வதற்கு முன் இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நல்லது. ஏனென்றால் இது காற்றுத் துப்பாக்கிக்காகப் பிறந்ததே அல்ல. போர்க்களத்துக்காகப் பிறந்து, அங்கே நூறு வருடம் அல்லல்பட்டு, கடைசியில் தானியக் கிடங்கில் எலியடிக்கும் துப்பாக்கியில் வந்து நிம்மதியாக உட்கார்ந்த வடிவம் என்பது என் எண்ணம்.

தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஆங்கிலேயச் சிப்பாயின் தோளில் இருந்தது நீண்ட லீ-என்ஃபீல்ட். நம்மூர்ப் போலீஸ்காரர் தோளிலும் வெகுகாலம் தொங்கிய 303-இன் மூத்த வடிவம். குதிரைமேல் அதைச் சுமந்து போவதும், புதருக்குள் நுழைவதும் பெரும்பாடு. 1901-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பேர்ட் தார்னிகிராஃப்ட் ஒரு கார்பைனுக்குக் காப்புரிமை வாங்கினார். தோட்டா வெடிக்கும் அறையை அவர் தோள்வரைக்கும் பின்னால் கொண்டுபோயிருந்தார். லீ-என்ஃபீல்டைவிட ஏழரை அங்குலம் குட்டை, எடையிலும் பத்தில் ஒரு பங்கு குறைவு. காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது.

ஆனால் சோதனையில் தோற்றது. உதை அதிகம் என்றார்கள்; கையாள வசதியில்லை என்றார்கள். இரண்டும் உண்மைதான். எடை குறைந்தால் உதை கூடத்தான் செய்யும். அதைவிடப் பெரிய தொல்லை, ஒவ்வொரு தோட்டாவுக்கும் சுடுபவர் பின்னால் இழுக்க வேண்டிய தாழ்ப்பாள் இப்போது அவருடைய முகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. சுட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றுவது கடினம். நீளத்தை மிச்சப்படுத்திய இடத்திலேயே நேரத்தை இழந்தார்கள். புல்பப்பின் வரலாறு முழுக்க இதே வழக்குதான் வெவ்வேறு உடையில் திரும்பத் திரும்ப வரும்.

அடுத்து வந்தவற்றில் மனதைத் தொடுவது இ.எம்.-2. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டன் புதுத் தோட்டா ஒன்றையும் அதற்கேற்ற துப்பாக்கியையும் உருவாக்க முனைந்தது. வடிவமைத்தவர் ஸ்டீஃபன் ஜான்சன், போலந்திலிருந்து வந்தவர். மொத்த நீளம் 35 அங்குலம், அதில் குழல் மட்டும் 24.5 அங்குலம். பிற்பாடு பிரிட்டன் ஏற்றுக்கொண்ட எஸ்.எல்.ஆர். 45 அங்குல நீளம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கின் அழகு புரியும். 1951-இல் தொழிற்கட்சி அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. பிரிட்டிஷ் ராணுவத்தின் 9-ஆம் எண் ரைஃபிள் என்று பெயரும் சூட்டியாயிற்று. அதே வருட அக்டோபரில் தேர்தல். சர்ச்சில் திரும்ப வந்தார். நேட்டோ நாடுகள் எல்லாமே ஒரே தோட்டாவைப் பயன்படுத்த வேண்டும் என்ற பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா தன் பெரிய 7.62 மி.மீ. தோட்டாவை விட்டு இறங்கி வரவில்லை. இ.எம்.-2 சுட்டதோ சற்றே சிறிய 7 மி.மீ. கூட்டணிதான் முக்கியம் என்று சர்ச்சில் முடிவு செய்ததும் துப்பாக்கி அருங்காட்சியகத்துக்குப் போனது. அது தோற்றது தன் குறையால் அல்ல. தோட்டா அரசியலில் அடிபட்டுப் போயிற்று. ஒருவேளை அது வந்திருந்தால் புல்பப்பின் கதையே வேறாகியிருக்கும் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஏனென்றால் இருபத்தைந்து வருடம் கழித்து இந்த வடிவத்துக்கு வாய்ப்பு கிடைத்தது, தாராளமாகவே கிடைத்தது. 1977-இல் ஆஸ்திரிய ராணுவம் ஸ்டெயர் ஆக் என்ற துப்பாக்கியை எடுத்தது. பச்சை பிளாஸ்டிக் உடம்பு, மேலே உடம்போடு சேர்ந்த தொலைநோக்கி. வழக்கமான எந்தத் துப்பாக்கியையும் ஒத்திராத அந்த உருவத்தைப் பார்த்தவர்கள் விண்வெளிப் படத்துக்காகச் செய்தது என்றுதான் நினைத்தார்கள். பிரான்ஸ் ஃபமாஸைக் கொண்டுவந்தது. அதன் மேலே உயர்ந்து நின்ற கைப்பிடியைப் பார்த்து பிரெஞ்சுச் சிப்பாய்கள் அதை எக்காளம் என்று கூப்பிட்டார்கள். பிரிட்டன் 1985-இல் தன் எஸ்.ஏ.80-ஐ இறக்கியது, அதன் ஆரம்பகாலக் கோளாறுகள் நாடாளுமன்றம்வரை போயின. சீனாவும் ஒரு புல்பப் செய்தது. இஸ்ரேல் டவோர் செய்தது. அதை இந்தியாவின் சிறப்புப் படைகளும் வாங்கின.

அப்புறம் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். ஃபமாஸின் இடத்துக்கு பிரான்ஸ் எடுத்தது வழக்கமான அமைப்புள்ள ஜெர்மானியத் துப்பாக்கியை. நியூசிலாந்து ஸ்டெயரை விட்டது. சீனாவின் புதிய துப்பாக்கியும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிட்டது. காரணங்கள் புதியவை அல்ல. வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு வலப்பக்கம் தெறிக்கும். இடக்கைக்காரர் சுட்டால் அது அவர் கன்னத்தில்தான் வந்து விழும். தோட்டாப் பெட்டி அக்குள் பக்கம் போய்விடுவதால் அதைக் கண்ணால் பார்க்காமல் மாற்றப் பழக வேண்டும். விசை முன்னால், அது தட்டிவிட வேண்டிய பொறி பின்னால். நடுவே ஒரு நீண்ட கம்பி. அந்தக் கம்பி வளைந்து நெளிந்து, விரலுக்குக் கிடைக்க வேண்டிய துல்லியத்தைத் தின்றுவிடும். இதெல்லாம் போக, ஆயிரக்கணக்கான பார் அழுத்தத்தில் வெடிக்கும் அறை ஒன்றைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு சுடுவதென்றால் மனசுக்குள் ஒரு நெருடல் இல்லாமலா போகும்?

இந்தக் குறைகளை வரிசையாக மனதில் வைத்துக்கொண்டு காற்றுத் துப்பாக்கியின் பக்கம் திரும்புங்கள். அங்கே வெற்றுக்கூடு கிடையாது. நெருப்பு கிடையாது. புகை கிடையாது. கன்னத்தருகே வெடிப்பும் இல்லை. குறைகளில் பாதி வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

காற்றுத் துப்பாக்கி நாம் நினைப்பதைவிடப் பழையது, நினைப்பதைவிடக் கொடியதும்கூட. ஆஸ்திரிய ராணுவத்துக்காக பார்த்தலோமேயஸ் ஜிராண்டோனி என்ற டிரோல் பகுதிக் கைவினைஞர் 1780-ஐ ஒட்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். ஊரில் எல்லாத் துப்பாக்கியும் மருந்து கொட்டி, ஒரு குண்டு போட்டு, கம்பியால் குத்தி, பிறகு சுடும் வேலையாக இருந்த காலம் அது. ஜிராண்டோனியின் துப்பாக்கியில் குழலை ஒட்டிய ஒரு குழாய்க்குள் 20 குண்டுகள் வரிசையாகக் காத்திருக்கும். முனையை உயர்த்தி, பக்கவாட்டில் ஒரு கட்டையைத் தள்ளி விட்டால் அடுத்த குண்டு வந்து உட்காரும். மழையில் நனைந்தாலும் சுடும். எந்த இடத்திலிருந்து சுட்டார்கள் என்று காட்டிக்கொடுக்கும் வெண்புகையும் எழாது.

காற்றை அவர் எங்கே வைத்தார் என்பதில்தான் இந்தக் கதைக்கான விதை இருக்கிறது. பின்கட்டைக்குள் வைத்தார். உண்மையில் பின்கட்டை என்று தனியாக ஒன்றே இல்லை. இரும்பாலான ஒரு கூம்பு வடிவக் கலம், மேலே தோல் உறை. அதுவே தோளில் அணைவது, அதுவே காற்றுக் கிடங்கு. தீர்ந்தால் திருகிக் கழற்றிவிட்டு இன்னொன்றைத் திருக வேண்டியதுதான். மரம் சும்மா கிடக்கும் இடத்தை வேலை வாங்க வேண்டும் என்று தார்னிகிராஃப்டுக்கு நூற்றிருபது வருடம் முன்பே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

அதன் வீழ்ச்சிக்கும் அந்தக் கலமே காரணம். அதை நிரப்பக் கைப்பம்பில் சுமார் 1500 தடவை அடிக்க வேண்டும். இரும்பைச் சுருட்டி ஒட்டித் தட்டிச் செய்த கலம். ஒட்டுப்போட்ட இடம் கசியும். தோலால் ஆன அடைப்பான்களை ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை நிரப்பினால் முப்பது குண்டுவரை நல்ல வேகம், அப்புறம் சோர்வு. போர்க்களத்துப் பராமரிப்புக்கு அது ஈடுகொடுக்கவில்லை. 1815-க்குள் ராணுவம் கைவிட்டுவிட்டது.

ஆனால் அதற்குள் ஒன்று கடல் தாண்டியிருந்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயக் கிளம்பிய மெரிவெதர் லூயிஸ் தன்னோடு ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுபோனார். அது ஜிராண்டோனி வகைதான் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. 1803 ஆகஸ்ட் கடைசியில், பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பி மூன்று மைல்தான் போயிருந்தார். ஒஹையோ ஆற்றுத் தீவு ஒன்றில் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குச் சுட்டுக் காட்டினார். பழக்கமில்லாத ஒருவர் கையில் அது தவறிச் சுட, நாற்பது கஜ தூரத்தில் நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்து நெற்றிப்பொட்டைக் கீறிக்கொண்டு போனது குண்டு. அவள் சாய்ந்ததும் செத்தே போனாள் என்று எல்லாரும் பதறினார்கள். நல்லவேளை, காயம் மேலோட்டமானது. பயணக் குறிப்பின் முதல் பதிவே இந்த விபத்துதான். பிறகு வழியெல்லாம் பழங்குடி மக்கள் முன் அந்தத் துப்பாக்கியை அதிகச் சத்தமும் புகையும் இல்லாமல் தொடர்ந்து சுட்டுக் காட்டி அசர வைத்தார்கள். எத்தனை குண்டு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது என்பதும் அந்த வித்தையில் ஒரு பகுதி.

அதன்பின் ஒரு நூற்றாண்டு, காற்றுத் துப்பாக்கி கனவான்களின் கைத்தடிக்குள் ஒளிந்துகொண்டது. விக்டோரியா காலத்தில் கைத்தடித் துப்பாக்கிகள் நிஜமாகவே விற்றன. கானன் டாயிலின் காலி வீட்டுக் கதையில் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொல்ல வரும் கர்னல் மோரன் கொண்டுவருவதும் அப்படியொரு காற்றுத் துப்பாக்கிதான். அந்தக் கர்னல் பெங்களூர் பயனியர்ஸ் படையிலிருந்து வந்தவராம்.

இருபதாம் நூற்றாண்டில் சுருள்வில் துப்பாக்கி வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. குழலை மடக்கினால் உள்ளே வில் இறுகும். விசையைத் தட்டினால் வில் ஒரு பிஸ்டனைத் தள்ளி, அந்தக் கணத்திலேயே காற்றை அமுக்கிக் குண்டை அனுப்பும். மெரினாவில் பலூன் சுடக் கொடுப்பது இந்த ரகம். பம்பு வேண்டாம், கலம் வேண்டாம், கசிவு இல்லை. ஆனால் புல்பப் ஆக்க இதைப்போல ஒவ்வாத பொருள் வேறில்லை. வில்லும் பிஸ்டனும் அடங்கிய உருளையே ஒரு முழத்துக்குப் பக்கத்தில் போகும். மடக்குவதற்குக் குழல் நெம்புகோல் போல நீண்டிருந்தாக வேண்டும். சிலர் முயன்று பார்த்தார்கள், நிலைக்கவில்லை.

மாற்றம் வந்தது மருத்துவர்கள் வழியாக, அதுவும் விலங்கு மருத்துவர்கள் வழியாக. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஸ்டோன் என்ற ஊரில் இயங்கிய டேஸ்டேட் நிறுவனம் ஆரம்பத்தில் மயக்க ஊசி எறியும் துப்பாக்கிகள் செய்தது. ஊசி மெதுவாகவும் ஒரே அளவாகவும் போக வேண்டும். அதற்கு முன்கூட்டியே அடைத்து வைத்த காற்று தோது. இதே ஏற்பாட்டில் குண்டு சுட்டால் என்ன என்ற கேள்வியிலிருந்து அவர்களுடைய ஹன்ட்ஸ்மேன் பிறந்தது. ஜிராண்டோனியைக் கவிழ்த்த இரண்டு பிரச்சினைகளும் அதற்குள் தீர்ந்திருந்தன. ரப்பர் வளையங்கள் தோல் அடைப்பான்களின் இடத்தைப் பிடித்திருந்தன. காற்றடிப்பதற்கு, கடலுக்கடியில் நீந்துபவர்கள் முதுகில் கட்டும் 200 பார் சிலிண்டரே போதும். குழாயை மாட்டித் திருகினால் ஒரு நிமிட வேலை. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து இன்று எல்லாரும் பிசிபி என்று சொல்வது இந்த வகையைத்தான்.

இங்கே கொஞ்சம் கணக்கு. 5.5 மி.மீ. துளையின் பரப்பு ஏறக்குறைய 24 சதுர மில்லிமீட்டர். அதன்மேல் 130 பார் அழுத்தம் விழுந்தால் குண்டின் முதுகில் சுமார் 31 கிலோ எடையின் தள்ளல். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் ராணுவத் தோட்டாவில் வெடிமருந்து எழுப்பும் உச்ச அழுத்தம் 3500 பாருக்கும் மேலே. அங்கே குழலின் முதல் சில அங்குலங்களிலேயே பெரும் வேலை முடிந்துவிடும். குழலை ஓரளவு வெட்டினாலும் குண்டு ஆளைக் கொல்லும் வேகத்தில்தான் போகும். காற்றுக்கு அந்த வசதி இல்லை. மெல்லத் தள்ளுகிறது; ஆகவே நீண்ட தூரம் தள்ளியாக வேண்டும். குழல் குறைந்தால், அதே வேகத்துக்கு அதிகக் காற்றை அவிழ்த்துவிட வேண்டும். அந்தக் காற்று குழல் முனையில் சத்தமாக வீணாகும், கலமும் சீக்கிரம் காலியாகும். இங்கிலாந்தில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளும் காற்று ரைஃபிளுக்கு 1969-லிருந்து 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல், என்ற வரம்பு இருக்கிறது. அந்த வரம்புக்குள்ளேயே சுடுபவருக்கும் நீண்ட குழல் லாபம்தான்: ஒரு நிரப்பலில் அதிகக் குண்டுகள், குறைந்த ஓசை.

ஆக, குழல் நீளத்தை விட்டுக்கொடுக்காமல் துப்பாக்கியைக் குட்டையாக்க வேண்டிய தேவை ராணுவத்தைவிடக் காற்றுத் துப்பாக்கிக்குத்தான் அதிகம். ராணுவத்துக்கு அது வசதி. இங்கே அது பிழைப்பு.

இதை முதலில் உணர்ந்தவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்ல. பட்டறையும் பொறுமையும் உள்ள ஆர்வலர்கள். சாதாரணப் பிசிபி துப்பாக்கியை வாங்கி, அதன் மரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, விசையை ஒரு கம்பியோடு இணைத்து முன்னால் கொண்டுவந்து, தாங்களே செதுக்கிய கட்டையில் பொருத்திக்கொண்டார்கள். இங்கிலாந்துப் பண்ணைகளில் எலியடிப்பவருக்கு இதன் அருமை தெரியும். மாட்டுத் தொழுவத்தின் குறுகலான வழி, தீவன மூட்டைகளின் சந்து, ஜீப்பின் ஜன்னல், இருட்டு. ஒரு மீட்டர் நீளத் துப்பாக்கி சுவரில் இடித்துச் சத்தம் போட்டாலே எலி போய்விடும்.

2010-ஐ ஒட்டிய வருடங்களில் இது தொழிற்சாலைக்குள் நுழைந்தது. ரஷ்யாவிலிருந்து எட்கன் மட்டடோர் வந்தது; மேற்கத்திய நாடுகளின் வேட்டைக்காரர்கள் புல்பப்பை விளையாட்டுப் பொருளாகப் பார்ப்பதை நிறுத்தியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பிராகாவில் இயங்கும் காலிபர்கன் கிரிக்கெட்டைக் கொண்டுவந்தது. ஸ்வீடனின் மரியஸ்டாட் நகரில் ஃப்ரெட்ரிக் ஆக்செல்சன் 1999-இல் தொடங்கிய எஃப்எக்ஸ் நிறுவனம் பாப்கேட், அடுத்து வைல்ட்கேட், 2016-இல் இம்பாக்ட் என்று வரிசையாக இறக்கியது. அமெரிக்காவில் குரோஸ்மேன் 9 மி.மீ. துளையுள்ள புல்டாக்கை வேட்டைக்கென்றே செய்தது. துருக்கியின் ஹட்சனும் கிராலும் சாமானியர் வாங்கும் விலைக்கு இறக்கின. இவ்வளவு வேகமாக ஒரு வடிவம் ஒரு துறையைப் பிடித்தது வியப்பாக இல்லையா? ராணுவம் ஒரு நூற்றாண்டில் பிடிக்க முடியாததை இவர்கள் பத்து வருடத்தில் பிடித்துவிட்டார்கள்.

கூடவே வந்த குறைகளையும் சொல்லியாக வேண்டும். நீண்ட விசைக்கம்பி காற்றுத் துப்பாக்கியிலும் உண்டு. அதைத் தீர்க்க எல்லாரும் கம்பியைக் கெட்டியாக்கிக்கொண்டிருந்தபோது டேஸ்டேட் கம்பியையே எடுத்துவிட்டது. அவர்களின் பல்சார் துப்பாக்கியில் விசை என்பது ஒரு மின்சுவிட்சு. விரல் கொடுக்கும் செய்தி வயர் வழியாகப் பின்னால் போகிறது. வயர் வளைந்தால் என்ன, நெளிந்தால் என்ன? பேட்டரியை நம்பி வேட்டைக்குப் போக மாட்டேன் என்பவர்கள் அதை வாங்குவதில்லை. அவர்கள் பயத்தை நான் பரிகசிக்க மாட்டேன்.

இன்னொரு குறையை விளம்பரங்கள் பேசுவதேயில்லை. புல்பப்பில் கன்னம் படுகிற இடம் கிட்டத்தட்ட குழலின் நேர்க்கோட்டிலேயே இருக்கிறது. ஆகவே கண் உயரத்துக்குத் தொலைநோக்கி வர வேண்டுமானால் அதைக் குழலுக்கு மேல் ஆறு, ஏழு சென்டிமீட்டர் தூக்கி மாட்ட வேண்டும். வழக்கமான துப்பாக்கியில் நாலு சென்டிமீட்டர் போதும். இதனால் என்ன? 30 மீட்டரில் குறி சரிசெய்த துப்பாக்கியால் 10 மீட்டரில் சுட்டால், வழக்கமான அமைப்பில் குண்டு ஒரு சென்டிமீட்டரைவிடச் சற்றே கூடுதலாகக் கீழே விழும். புல்பப்பில் மூன்று சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் கீழே போகும். எலியின் தலை அகலமே அவ்வளவு இல்லை. தொழுவத்துக்கென்று வாங்கிய துப்பாக்கி தொழுவத்து தூரத்தில்தான் அதிகம் கணக்குக் கேட்கிறது. சற்றே சாய்த்துப் பிடித்தாலும் இந்த உயரம் பிழையைப் பெருக்கும். பழகினால் கை தானாகக் கற்றுக்கொள்ளும் என்பார்கள். பழக வேண்டும் என்பதுதான் நான் சொல்வதும்.

இனி அந்த இரண்டு துப்பாக்கிகள். வைல்ட்கேட்டும் கிரிக்கெட்டும் நீளத்தில் அண்ணன் தம்பி. இரண்டுமே முக்கால் மீட்டருக்குள் அடங்கும். வைல்ட்கேட் பிளாஸ்டிக் உடம்பும் மெல்லிய அமைப்புமாக மூன்று கிலோவுக்குள் நிற்கிறது. கிரிக்கெட், அதிலும் மரக்கட்டை போட்டது, மூன்றைத் தாண்டிவிடும். தொலைநோக்கி மாட்டினால் இரண்டிலும் இன்னும் முக்கால் கிலோ.

உள்ளே போனால் வேறுபாடு குழலில். கிரிக்கெட்டின் குழல் காலங்காலமாகச் செய்வது போல, முழு நீளத்துக்கும் உள்ளே சுழல்வரி வெட்டியது. வைல்ட்கேட்டோடு எஃப்எக்ஸ் தந்தது அவர்கள் கண்டுபிடித்த வழுவழுக் குழல். பெரும்பாலான தூரத்துக்கு உட்புறம் மொழுமொழு என்றிருக்கும். முனையை ஒட்டிய சில அங்குலங்களில் மட்டும் வெளியிலிருந்து அழுத்திச் சுழல்வரி பதித்திருப்பார்கள். ஈயக்குண்டு உராய்வு குறைவாக ஓடி வந்து கடைசியில் சுழற்சியை வாங்கிக்கொண்டு வெளியேறும். நன்றாகவே சுடும். ஆனால் இதன் பலன் குண்டின் ரகத்தையும் அந்தந்தக் குழலையும் பொறுத்தது. ஒருவருடைய வைல்ட்கேட் விரும்பும் குண்டை இன்னொருவருடையது விரும்பாமல் போகலாம். முழு வரிக் குழல் இந்த விஷயத்தில் அவ்வளவு செல்லம் கொஞ்சாது. பிற்காலத்தில் எஃப்எக்ஸே குழலுக்குள் மெல்லிய உறை மாற்றும் முறைக்குப் போய்விட்டது என்பதிலிருந்து அவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டையும் 5.5 மி.மீ. துளையில்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். நம் நாட்டு வாசகர் ஆசைப்படுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட துளையோ 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ இருந்தால் காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். வேட்டைக்கோ 1972-லிருந்தே இங்கே கடுமையான சட்டத் தடைகள் உண்டு.

மூன்றாவதாக ஒருவர் இந்தப் போட்டிக்குள் புகுந்துவிட்டார். எட்கனின் லெஷி, ஸ்லாவியக் காட்டுப் பூதத்தின் பெயர் கொண்டது. இது புல்பப்பே அல்ல; நடுவில் மடிகிறது. மடித்தால் பைக்குள் போய்விடும். விரித்தால் தோளில் அணைவது காற்றுக் கலம். ஆம், ஜிராண்டோனி வைத்த அதே இடத்தில். இயந்திரத்தைப் பின்கட்டைக்குள் தள்ளுவதா, காற்றைப் பின்கட்டைக்குள் அடைப்பதா என்ற இரண்டு யோசனைகளும் இருநூறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஒரே கடை அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

வைல்ட்கேட்டா கிரிக்கெட்டா என்று என்னைக் கேட்டால், நடந்து போய்ச் சுடுபவருக்கு வைல்ட்கேட். கைகளில் தூக்கிக்கொண்டே நின்று சுட வேண்டிய இடங்களில் அரைக் கிலோ வித்தியாசம் சாயங்காலத்துக்குள் தோளுக்குத் தெரிந்துவிடும். உட்கார்ந்து, முன்பக்கம் முட்டுக்கொடுத்து, தூரத்துக் குறியை நிதானமாக அடிப்பவர் கிரிக்கெட்டை எடுக்கலாம். எடை அங்கே ஆட்டத்தைக் குறைக்கும் துணை. கடையில் காற்று நிரப்பாத துப்பாக்கியைக் கொடுத்து விசையைத் தட்டிப் பார்க்கச் சொன்னால் மட்டும் திருப்தியாகிவிடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு தோளில் அணைத்து, கன்னத்தை வைத்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள்: தொலைநோக்கியின் வட்டம் முழுதாகத் தெரிகிறதா, கழுத்தை நீட்ட வேண்டியிருக்கிறதா? அடுத்து, கன்னத்தை எடுக்காமல், குண்டை ஏற்றும் பக்கவாட்டு நெம்புகோலை இழுத்துப் பாருங்கள். கை பின்னால் மடங்கித் தவிக்கிறது என்றால், தார்னிகிராஃப்டின் கார்பைனைத் திருப்பி அனுப்பிய சோதனையாளரின் எரிச்சல் உங்களுக்கும் புரியும். அந்தத் துப்பாக்கியை நீங்களும் கவுண்டரிலேயே வைத்துவிட்டு வரலாம்.